சந்தியாகுவின் மழை

“அப்பா, இந்தத் தண்ணி எப்பப் பெஞ்ச மழை?”

இதைக் கேட்டபோது ஜெனோவாவுக்கு ஐந்து வயது இருக்கும். ஓடைக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கால் விரல்களுக்கிடையே நழுவி ஓடும் நீரைக் குனிந்து பார்த்தபடி கேட்டாள். இஞ்ஞாசி கரையில் உட்கார்ந்து காப்பிப் பழம் அலசிக்கொண்டிருந்தார்.

“நேத்துப் பெஞ்சதும்மா.”

“நேத்து மழையே இல்லையே?”

“அப்ப முந்தாநாள்.”

“முந்தாநாளும் இல்ல.”

துணி துவைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் சிரித்துவிட்டாள். “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்களேன். பெத்த பிள்ளைகிட்டத் தோத்தா என்ன குறைஞ்சா போயிரும்?”

பதில் தெரியாத கேள்வியைப் பெரியவர்கள் நாம் விளையாட்டாக்கித் தப்பித்துக்கொள்கிறோம். கேள்வி மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். இந்தக் கேள்விக்கான பதில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து மலையேறி வந்த காலத்தில், ஆரோக்கியம் கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் இருந்தாள். ஜெனோவா நியூசிலாந்தில் இருந்தாள். இஞ்ஞாசி மட்டும் ஓடைக்கரை வீட்டில் தனியாக இருந்தார்.

ஊசிப்பாறை பழனி மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் சின்ன ஊர். காப்பி, மிளகு, மலைவாழை, கொஞ்சம் சௌசௌ. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து மலையில் எந்தத் தோட்டத்துக்குள் போனாலும் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பிறகு ஓடைகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் சித்திரையில் நின்றன, அப்புறம் மாசியிலேயே நின்றன, அப்புறம் மழை பெய்த மறுநாளே நின்றன. இஞ்ஞாசியின் ஓடை மட்டும் நிற்கவில்லை. கோடையிலும் பாறைக்கு அடியிலிருந்து கை தடிமனுக்குத் தண்ணீர் குளுகுளுவென்று வந்துகொண்டிருந்தது.

அதில் அவருக்குப் பெருமை உண்டு. தோட்டத்தில் நிழல்மரம் எதையும் வெட்டவிடவில்லை. ஓடைக்கரையில் மண்வெட்டி வைக்கவிடவில்லை. மருந்து அடிக்கவில்லை. ஜெனோவா மூன்று தடவை விமானச் சீட்டு எடுத்து அனுப்பியும், “நான் வந்துட்டா இதை யாரு பாக்கிறது?” என்று போகாமல் இருந்துவிட்டார். காலையில் எழுந்ததும் ஓடைக்குப் போய் முகம் கழுவி, “ஆண்டவருக்குத் தோத்திரம்” என்று சொல்லுவார். அதற்குப் பிறகு மாலை வரைக்கும் அவர் வாயிலிருந்து வேறு சொல் வராத நாட்கள் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனோவா பேசுவாள். ஓடைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவர் போனை எடுப்பார்.

“அப்பா, லைன்ல ஏதோ சத்தமா இருக்கு. ஜன்னல் பக்கமா வாங்களேன்.”

“ஜன்னல்கிட்டத்தாம்மா இருக்கேன்.”

“அப்ப தள்ளிப் போங்க.”

அவர் தள்ளிப் போவார். அது ஓடைச் சத்தம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் அவள் வருத்தப்படுவாள்.

அந்த வருஷம் ஒரு கம்பெனி ஊசிப்பாறைக்கு வந்தது. உயிருள்ள ஓடையோடு தோட்டம் வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி, ஓடை ஓரம் உட்கார்ந்து அமைதியாக இருந்துவிட்டுப் போவதற்கு. அவர்கள் எப்படியோ ஜெனோவாவைப் பிடித்துப் பேசிவிட்டார்கள். “நீங்க நினைச்சுப் பாக்க முடியாத விலைப்பா. வித்துட்டு இங்க வந்துருங்க. உங்களை அங்க தனியா விட்டுட்டு எனக்கு இங்க சோறு இறங்கல” என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. அவள் குரலே காட்டிக்கொடுத்தது.

இஞ்ஞாசி யோசித்தார். இன்னொரு வழியும் இருந்தது. மலை ஓடைகளைக் காப்பாற்ற ஓர் அறக்கட்டளை, நிலச்சொந்தக்காரர்களோடு உடன்படிக்கை போட்டுக்கொண்டிருந்தது. நிலம் சொந்தக்காரரிடமே இருக்கும். காப்பி பறிக்கலாம், மிளகு பறிக்கலாம். வெட்டக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது, யார் கைக்கு மாறினாலும் அந்தக் கட்டுப்பாடு கூடவே போகும். அதற்குப் பதிலாக நாற்றும் வேலியும் வேலையாளும் அவர்கள் தருவார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஓடையைச் சோதித்துப் பார்க்க ஆள் வரும்.

வந்தவள் மெஹருன்னிசா. திண்டுக்கல்காரி, முப்பதைத் தாண்டியிருப்பாள். தோளில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை மலையில் யாரும் சொல்வதில்லை. தண்ணீர் எந்த வருஷம், எந்த இடத்தில் மழையாகப் பிறந்தது என்று சொல்வதால் ஜாதகப் பெட்டி என்றே எல்லோரும் சொன்னார்கள்.

டீக்கடை தொபியாஸ் அவளைப் பார்த்ததும், “கல்யாணப் பொருத்தமும் பாக்குமாம்மா?” என்று கேட்டான்.

“பாக்கும்ணே. ரெண்டு ஓடை சேந்தா ஒத்துப்போகுமான்னு சொல்லும். மனுஷங்களுக்குத்தான் சொல்லத் தெரியாது” என்றாள் அவள், நடையை நிறுத்தாமல்.

இஞ்ஞாசி வெகுநாளைக்கப்புறம் வீட்டுக்கு ஆள் வருகிற சந்தோஷத்தில் காப்பி போட்டு வைத்திருந்தார். அவள் தம்ளரைத் தொடவில்லை.

“தப்பா நினைச்சுக்காதீங்கய்யா. கையெழுத்து ஆகுற வரைக்கும் ஓடைக்காரங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. ஒருத்தர் வீட்டுக் காப்பியைக் குடிச்சிட்டு அவருக்கே கெட்ட சேதி சொல்ல வாய் வராதில்ல?”

“கெட்ட சேதி வருமா?”

“வராமலும் இருக்கலாம்.”

பாறைக்கு அடியில் தண்ணீர் பிறக்கிற இடத்தில் பெட்டியை வைத்து, ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டாள். பெட்டி முனகிக்கொண்டே இருந்தது. காத்திருந்த நேரத்தில் இஞ்ஞாசி மகள் கேட்ட கேள்வியைச் சொன்னார். மெஹருன்னிசா திரும்பிப் பார்த்தாள்.

“உங்க மக பெரிய கேள்விதான் கேட்டிருக்கா. இதைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் தலையை உடைச்சுக்கிட்டாங்க தெரியுமா? மழை பெய்யும்போது அந்த வருஷத்துக் காத்தைத் தனக்குள்ள கரைச்சுக்கிட்டுத்தான் விழும். ஒவ்வொரு வருஷத்துக் காத்துலயும் வேற வேற தூசி, வேற வேற புகை. அது தண்ணிக்குள்ள அடையாளமா தங்கிரும். அப்புறம் மண்ணுக்குள்ள இறங்கும்போது எந்த மரத்து வேர் வழியா இறங்குச்சோ, எந்தப் பாறையைத் தொட்டுச்சோ, அந்த ருசியும் ஒட்டிக்கும். இந்தப் பெட்டி அதைப் படிக்குது. அவ்வளவுதான்.”

“அப்ப மழை பெஞ்ச உடனே ஓடைக்கு வந்துராதா?”

“மேலோட்டமா ஓடுறது வந்துரும். கோடையில வருது பாருங்க, அது மலைக்குள்ள போய் இருந்துட்டு வர்றது. சிலது பத்து வருஷம். சிலது உங்க வயசு, என் வயசு.”

பெட்டி முனகுவதை நிறுத்தியது. அவள் அதன் கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி குழாயை விட்டு மறுபடி பார்த்தாள். பிறகு பாறையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“ஐயா, இது முப்பது வருஷத்துக்கு முந்தின மழை.”

“அப்பிடியா!” என்றார் இஞ்ஞாசி. முப்பது வருஷத்துக்கு முன்பு ஆரோக்கியமும் அவரும் இங்கே புதிதாகக் குடிவந்திருந்தார்கள். மனசுக்குள் என்னவோ நிறைந்தது. “எங்க தோட்டத்துல பெஞ்சதா?”

“இல்லீங்க. மேல, மலைமுடிக்குப் பக்கத்துல. அங்க ஒரு சோலைக்காடு இருந்திருக்கணும். அந்த வேர்களோட ருசிதான் இதுல இருக்கு. உங்க தோட்டத்து மழை ஒரு சொட்டுகூட இந்த ஓடைக்கு வரல.”

அந்த நிலம் யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

அது சந்தியாகுவின் நிலம். முடியைச் சுற்றி ஒரு கரடிகூட நுழைய முடியாத அடர்ந்த சோலை. ஊர்க்காரர்கள் அதன் வழியாகச் சாலை போட வேண்டும் என்று கேட்டார்கள். சாலை வந்திருந்தால் மேல்தோட்டத்து மூட்டைகளைக் குதிரையில் ஏற்றி இறக்குகிற பாடு தீர்ந்திருக்கும். சந்தியாகு மாட்டேன் என்றுவிட்டார். காரணம் கேட்டால், “அதை வெட்ட எனக்கு மனசு வரலப்பா” என்பார். அதற்குமேல் சொல்லத் தெரியாது. ஊர் அவரோடு பேச்சை நிறுத்தியது. பூசையில் சாமியார், “ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னதும் எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்புவார்கள். சந்தியாகு இருக்கிற பக்கம் மட்டும் யாரும் திரும்ப மாட்டார்கள். இஞ்ஞாசியும் திரும்பவில்லை. மனைவி இறந்து, கடனும் சேர்ந்த பிறகு சந்தியாகு நிலத்தை ஒரு விடுதிக்காரனுக்கு விற்றுவிட்டு மலையிறங்கினார். விடுதிக்காரன் ஒரே கோடையில் காட்டை வழித்துவிட்டு, அஸ்திவாரம் போட்டு, வழக்கில் மாட்டிக்கொண்டு ஓடிப்போனான். பன்னிரண்டு வருஷமாக அந்த இடம் மொட்டையாகக் கிடக்கிறது.

“அங்க இப்பக் காடு இல்லையேம்மா” என்றார்.

“அதைத்தான் யோசிக்கிறேன். காடு இருந்தப்ப உள்ள போன மழை இன்னமும் வந்துக்கிட்டிருக்கு. வெட்டுனதுக்கப்புறம் பெஞ்சது உள்ள போகல, வழிஞ்சு ஓடிருச்சு. அதனால…” அவள் தயங்கினாள். “இன்னும் இருபது வருஷம் போல ஓடும்யா. கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு நின்னுரும். இது இறந்துபோன காட்டோட தண்ணி.”

ஓடை எப்போதும்போலச் சிரித்துக்கொண்டே போனது.

“எங்க தோட்டத்து மழை எங்கதான் போகுது?”

“மலைக்கு அந்தப் பக்கம். கீழே பூதிக்காட்டுல தோட்டத் தொழிலாளிங்க லயன் வீடு இருக்குல்ல, அங்க ஒரு ஊத்து. அதை முன்னாடியே சோதிச்சுப் பாத்தாச்சு. நாப்பது வருஷம் ஆகும் போய்ச் சேர.”

“அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாதே.”

“எல்லாரும் இதைத்தான்யா சொல்றாங்க.” அவள் பெட்டியை மூடினாள். “போன வருஷம் ஒரு மலையில ஒருத்தர்கிட்ட உங்க மழை பக்கத்துத் தோட்டத்துக்குப் போகுதுன்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த வாரம் போறேன், ஒரு மரம் இல்ல. ‘அவனுக்கு நான் எதுக்குத் தண்ணி குடுக்கணும்?’னு கேட்டாரு. அண்ணன் தம்பிங்க அவங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. இந்தப் பெட்டி வராம இருந்திருந்தா அந்த மரங்க இருந்திருக்கும். அதுக்கப்புறம்தான் இந்த உத்தரவு வந்துச்சு. ஓடைக்காரருக்கு மட்டும்தான் சொல்லணும். அவர் கையெழுத்துப் போடுற வரைக்கும் வேற யாருக்கும் மூச்சு விடக் கூடாது. போடலைன்னா, பார்த்ததை அழிச்சிரணும்.”

அவள் எழுந்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள்.

“இன்னொண்ணு. இதுல ஒரு சின்னப் பங்கு இளந்தண்ணி. மூணு நாலு வருஷத்து மழை. அதுவும் அதே முடியில இருந்துதான், ஏதோ பாறை வெடிப்பு வழியாக் குறுக்கே வந்திருக்கு. மொட்டை நிலத்துல தண்ணி எப்பிடி உள்ள இறங்கும்னு எனக்குப் புரியல. மேல யாராவது ஏதாவது செய்றாங்களா?”

“அங்க காட்டுப்பன்னியைத் தவிர ஒண்ணும் போகாதும்மா. கிளறிக் கிளறிப் போட்டிருக்கும். ஊர்ல எல்லாரும் பாத்திருக்காங்க” என்றார் இஞ்ஞாசி.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெனோவாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்பா, இருபது வருஷம் ஓடும்ல?”

“ஓடுமாம்.”

“அந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்ல மாட்டால்ல?”

“சொல்ல மாட்டா.”

“அப்புறம் என்னப்பா? நீங்க வாய் திறக்காட்டி யாருக்குத் தெரியப் போகுது? உங்க தோட்டத்தால அந்த ஓடைக்கு ஒரு பிரயோசனமும் இல்லைன்னு ஆயிருச்சு. இனியும் யாருக்காக அங்க காவல் காக்குறீங்க?”

அவள் கோபத்தில் கேட்கவில்லை. அழுகிற குரலில்தான் கேட்டாள். இத்தனை வருஷம் அவர் காவல் காத்தார், மகளைப் பிரிந்து காத்தார். காத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். ஓடை அவரைக் கேட்காமலேயே ஓடியிருக்கிறது.

“வாங்குறவனுக்கும் பிள்ளை இருக்கும்மா. நின்னுபோறதை ஓடுதுன்னு சொல்லி எப்பிடி விக்கிறது?” என்றார் கடைசியில்.

“நீங்க இப்பிடித்தான்” என்றாள் ஜெனோவா. போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனிக்காரரிடம் உள்ளதைச் சொன்னார். அவர் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெனோவாவும் பேசவில்லை. விற்கிற வழி அடைந்துபோனது. ஆனால் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவும் மனசு வரவில்லை. முகம் தெரியாத யாருக்காகவோ, நாற்பது வருஷத்துக்கு அப்புறம். அவர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதருக்கும் தன் கையால் செய்தது தன் கண்ணில் படவேண்டும் என்று இருக்குமே.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒரு நாள் முடிக்கு ஏறினார். அங்கே அவர் கால் வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இடிந்த அஸ்திவாரங்களும் புல்லும் முள்ளுமாகக் கிடந்தது. சரிவில் அங்கங்கே மண் கிளறியிருந்தது. பன்றிதான் என்று கடந்து போனவர், இரண்டாவது பள்ளத்தருகே நின்றார்.

பன்றி மேலும் கீழுமாகக் கிளறும். இந்தப் பள்ளம் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போனது. எடுத்த மண் கீழ்ப்பக்கம் கரையாகப் போட்டு மிதித்திருந்தது. உள்ளே சருகு பரப்பியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பன்றி கிளறியதாகத்தான் தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்றே செய்தது போலிருந்தது. சருகைத் தள்ளிப் பார்த்தார். அடியில் மண் ஈரமாக இருந்தது. கரையோரம் முழங்கால் உயரத்துக்கு நாவல் கன்றுகள், செண்பகக் கன்றுகள். ஈரமண்ணில் வட்ட வட்டமாக ஊன்றுகோல் பதிந்த தடம்.

கீழே வந்து தொபியாஸிடம், “முடிக்கு யாராவது போறாங்களாடா?” என்று கேட்டார்.

“யாரு போவா? அந்தச் சந்தியாகுதான் மாசம் ஒருக்கா முதல் பஸ்ல வருவாரு. பொண்டாட்டி கல்லறைக்கு வர்றாருன்னு நினைக்கிறேன். வளைவுல இறங்கிப் போயிருவாரு. கடைக்குக்கூட வர மாட்டாரு. நானும் கூப்பிட்டதில்ல.” தொபியாஸ் டீ ஆற்றுவதை நிறுத்தினான். “கொஞ்ச மாசமா ஆளைக் காணோம். கீழ வத்தலக்குண்டுல ஏதோ ஒரு முதியோர் இல்லத்துல சேத்திருக்கிறதாக் கேள்வி.”

இல்லத்தில் சந்தியாகு ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, இனி நடக்க முடியாது என்றார்கள். கண்ணும் மங்கியிருந்தது.

“யாரு?”

“ஊசிப்பாறை இஞ்ஞாசிண்ணே. ஓடைக்கரை வீடு.”

“ஓ, ஆரோக்கியத்தோட வீட்டுக்காரரா. உக்காருப்பா. நாற்காலி இருக்கா பாரு, யாராவது தூக்கிட்டுப் போயிருப்பாங்க.”

இஞ்ஞாசி கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். பெட்டியைப் பற்றிச் சொன்னார். மழையைப் பற்றி, முப்பது வருஷத்தைப் பற்றி, தன் ஓடையில் ஓடுவது யார் காட்டுத் தண்ணீர் என்பதைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

சந்தியாகு வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்ப இத்தனை வருஷமா நான் உன் வீட்டு வாசலுக்குத் தினம் வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்! ஒருத்தராவது வாங்க, உக்காருங்கன்னு சொன்னீங்களாப்பா?”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். இஞ்ஞாசியால் சிரிக்க முடியவில்லை.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. தண்ணிக்காகன்னு நினைச்சு நான் காட்டை வச்சிருக்கல. வெட்ட மனசு வரல, அவ்வளவுதான். வித்ததுக்கப்புறம் அது மொட்டையாக் கிடந்ததைப் பாத்தப்ப, உடம்புல துணி இல்லாத பிள்ளையைப் பாத்த மாதிரி இருந்துச்சு. சும்மா இருக்க முடியல.”

“ஊருக்குச் சொல்லியிருக்கலாமேண்ணே.”

“அடுத்தவன் இடம்ல? கேஸ் போட்டுருவான். பன்னின்னு நினைச்சுக்கிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஒரே கவலை. ஐப்பசி மழைக்கு முன்னால பள்ளத்துல சேந்திருக்கிற வண்டலை அள்ளணும். அள்ளாட்டி நிரம்பி, கரை உடைஞ்சு, இருக்கிற மண்ணையும் கன்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். செய்யாம இருந்திருந்தாலாவது புல்லு இருந்திருக்கும். இப்ப நானே கெடுத்தவனா ஆயிருவேன்.” கையை லேசாக அசைத்தார். “விடு. ஆண்டவரு பாத்துக்குவாரு. நீ சாப்பிட்டியா?”

செய்கிறேன் என்று இஞ்ஞாசியும் சொல்லவில்லை, செய் என்று அவரும் கேட்கவில்லை. புறப்படும்போது இஞ்ஞாசி கட்டிலுக்கு முன்னால் நின்று, பூசையில் சமாதானம் சொல்வதுபோலக் கைகூப்பினார். சந்தியாகு ஜன்னல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்மங்கல். அவருக்குத் தெரிந்திருக்காது.

மறு வாரம் மெஹருன்னிசா உடன்படிக்கையோடு வந்தாள். இஞ்ஞாசி ஓடை ஓரப் பாறையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“உங்களுக்கு இதனால ஒண்ணும் வராதுங்கய்யா. தெரிஞ்சுதானே போடுறீங்க?”

“தெரியும்மா. எனக்கே தெரியாம ஒருத்தர் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்காரு. நானும் யாரு வீட்டுக்காவது போய்ச் சேரட்டும்.”

“பூதிக்காட்டுல சொல்லட்டுமா? பேர் போட்டுப் பலகை வைக்கலாம்.”

“வேண்டாம். அவங்க தண்ணியைக் குடிக்கட்டும். என் பேரையும் சேத்து எதுக்குக் குடிக்கணும்?”

அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள், “அந்த இளந்தண்ணி என்னான்னு பாத்தீங்களா?”

“பாத்தேன். பன்னிதான்.”

மெஹருன்னிசா அவர் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, “கையெழுத்து ஆயிருச்சுல்லங்கய்யா? இப்பக் காப்பி குடிக்கலாம். அன்னைக்கே வாசனை ஆளைத் தூக்குச்சு” என்றாள். அவர் காப்பி போட்டார். அவள் வாங்கிக் குடித்தாள். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டும் வாங்கிக் குடித்தாள். அந்த வீட்டில் ஒருவர் இரண்டாவது தம்ளர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் ஜீப் வளைவில் மறையும் வரை அவர் வாசலில் நின்றார்.

புரட்டாசி முடிகிற சமயத்தில் மலை முழுக்க மூடுபனி இறங்கியது. இஞ்ஞாசி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முடிக்குப் போனார். அந்தப் பனியில் பத்தடிக்கு அப்பால் ஒரு மரம்கூடத் தெரியாது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமில்லை. பேச்சுத் துணைக்கு யாராவது வருவார்களோ என்ற ஆசைக்கும் இடமில்லை. ஒவ்வொரு பள்ளமாக வண்டலை அள்ளிக் கரைக்குப் போட்டு மிதித்து, சருகை மறுபடி பரப்பினார். முதுகு பிளந்துவிடும்போலிருந்தது. இந்த வேலையை ஊன்றுகோலோடு அந்த மனிதர் எப்படிச் செய்தார் என்று நினைத்துக்கொண்டார்.

நாளாக ஆக வானம் கறுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள், இன்னும் மூன்று பள்ளங்கள் மீதி இருந்தன. அன்று மத்தியானம் போன் அடித்தது. இல்லத்திலிருந்து கன்னியாஸ்திரி ஒருவர்.

“சந்தியாகு ஐயாவுக்கு வேற சொந்தக்காரங்க யாரும் வந்ததில்ல. நீங்க ஒருத்தர்தான் வந்து பாத்தீங்க, அதான் உங்களுக்குச் சொல்றோம். இன்னைக்குக் காலையில ஆண்டவருக்குள்ள இறந்துட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு. நாளைக்குச் சாயங்காலம் அடக்கம்.”

இஞ்ஞாசி போனைப் பைக்குள் வைத்தார். ஈர மண்ணில் முழங்காலிட்டு, இறந்தவர்களுக்கான செபத்தைச் சொன்னார். செபம் முடிந்தது. மலையில் ஒரு சத்தமும் இல்லை.

இப்போது எழுந்து போய்விடலாம். கேட்டவர் யாருமில்லை. வாக்குக் கொடுத்ததுமில்லை. நாளை குழியில் இறங்கப்போகிறவருக்கு இந்தப் பள்ளம் இருந்தால் என்ன, உடைந்தால் என்ன? இந்த வண்டலுக்கு அடியில் இறங்கப்போகிற மழை மலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் பெரும்பங்கு வெளியே வரும்போது இஞ்ஞாசியும் இருக்க மாட்டார். ஓடைக்கரை வீட்டில் யார் இருப்பார்கள் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அவர் மண்வெட்டியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் வரைக்கும், மறுநாள் விடிந்ததிலிருந்து பஸ் நேரம் வரைக்கும் அள்ளினார். கடைசிப் பள்ளம் பாதியில் நின்றிருந்தது. சந்தியாகுவுக்கு அதற்குமேல் தெம்பு இருந்திருக்காது. இஞ்ஞாசி அந்தப் பாதியைச் சுத்தம் செய்தார். பிறகு அதே மட்டம் பார்த்து, மீதியையும் வெட்டி முடித்தார். மேலே சருகைத் தூவி, பன்றி கிளறியது மாதிரி ஒழுங்கில்லாமல் கலைத்துவிட்டார்.

முதல் தூறல் விழுந்தது. மண்வெட்டியைப் புதருக்குள் வைத்துவிட்டு, கையிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்துக்கொண்டு, அவர் அடக்கத்துக்குப் போவதற்காக மலையிறங்கினார். பின்னால் மழை வலுத்தது. பள்ளங்களில் தண்ணீர் சேர்ந்து, கரையைத் தொட்டு நின்று, சத்தமில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.